குளக்கரைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்: மலாக்கா மாநில நீர்ப்பாசன வடிகால் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

மலாக்காவில் அணையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். 1991-இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றியபோது குடமும் வாளியுமாகத் தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் மறுபடியும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஆகவே நீர்மட்டம் இன்று எத்தனை விழுக்காடு என்று விசாரிக்க எங்களுக்குத் தெரியும். கரை எப்படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் எங்களுக்கு வரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

டுரியான் துங்கல், ஜூஸ் போன்ற பெரிய அணைகளை முதலில் ஒதுக்கிவிடுகிறோம். குடிநீர் தரும் அந்த அணைகளுக்குப் பொறுப்பான நிறுவனம் உண்டு, பொறியாளர்கள் உண்டு, கேள்வி கேட்க ஒரு முகவரி உண்டு. எங்கள் கவலை சின்னக் கரைகளைப் பற்றியது. ஓர் ஓடையைக் குறுக்கே மண்போட்டு மறித்து, ஓரத்தில் ஒரு கலிங்கு வைத்து, அடியில் ஓர் இரும்புக் குழாய் பதித்து, எந்தக் காலத்திலோ கட்டப்பட்ட குளங்கள். கட்டிய நோக்கம் முடிந்துவிட்டது, தண்ணீர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் பாய் விரித்து உட்காருகின்றன. பையன்கள் தூண்டில் போடுகிறார்கள். காலையில் மருத்துவர் சொன்னபடி நடக்கும் பெரியவர்கள் கரையின் உச்சியில்தான் நடக்கிறார்கள். திருவிழா நாளில் கரகம் பாலிக்க அதே கரைக்கு ஊரே வருகிறது.

ஆயர் குரோ ஏரியை எல்லோரும் அறிவார்கள். விலங்குக்காட்சி சாலையும் தாவரப் பூங்காவும் சூழ, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் வரவேற்கும் நீர்ப்பரப்பு. மலாக்கா நகரத்துக்குக் குடிநீர் தரக் காலனித்துவக் காலத்தில் உருவான நீர்த்தேக்கம் அது. இன்று உல்லாசத் தலம். அந்த ஏரி உடையப்போகிறது என்று யாரையும் பயமுறுத்த நாங்கள் எழுதவில்லை. ஆயர் குரோவுக்காவது பெயரும் புகழும் இருக்கின்றன. ஏதாவது என்றால் பத்துப் பேர் பார்த்துச் சொல்வார்கள். பெயரே இல்லாத தோட்டத்துக் குளங்களை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வி மலாக்காவில் எழுவதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டின் வணிக ரப்பர் பயிர் இங்கேதான் வேரூன்றியது. 1890களில் தான் சாய் யான் என்பவர் முதலில் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் ஆசாஹானிலும் ரப்பர் நட்டார். பால்மரக் காடு வந்த இடத்தில் ஆலை வந்தது. ஆலைக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. பாலில் தண்ணீர் கலந்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துக் கழுவிப் புகைக்கூடத்துக்கு அனுப்பும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லயத்து வீடுகளுக்கும் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் எட்டாத காலத்தில் ஓடையை மறித்துக் குளம் கட்டுவதுதான் தோட்டங்கள் கண்ட வழி. பல இடங்களில் மண் சுமந்ததும் கரையை மிதித்து இறுக்கியதும் எங்கள் பாட்டன் பாட்டிகள். தஞ்சாவூர், திருச்சி, வட ஆர்க்காடு, சேலம் என்று பாசன ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மடையும் மதகும் கலிங்கும் அறிந்த கைகள் அவை. மழைக்கு முன் கரையைச் செப்பனிடுவதை ஊர்க் கடமையாகக் கொண்டு, அதற்குக் குடிமராமத்து என்று பெயரும் வைத்திருந்த ஊர்களின் பிள்ளைகள்.

தோட்டம் தோட்டமாக இருந்தவரை அந்தக் கரைக்கு ஆள் இருந்தது. பம்பு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் கலிங்கில் சிக்கிய கட்டையை இழுத்துப் போடுவார். கரையில் புல் வளர்ந்தால் வெட்டச் சொல்லி மண்டோருக்குச் சேதி போகும். துரையின் அக்கறை ஆலையைப் பற்றியதுதான் என்றாலும் கரை பிழைத்தது. பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்க 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க வேண்டிய அளவுக்கு அது முற்றியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பால் ஆலை வேண்டாம்; ஆலை இல்லையென்றால் குளம் வேண்டாம். அடுத்து மேம்பாட்டாளர்கள் வந்தார்கள், தாமான்கள் எழுந்தன. நிலம் கைமாறிய ஒவ்வொரு முறையும் பத்திரத்தில் ஏக்கர் கணக்கு எழுதப்பட்டது. கரையைப் பராமரிக்கும் கடமை யாருக்குப் போனது என்று எந்தப் பத்திரத்தில் எழுதினார்கள்? தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்த மலிவு விலை வீடுகள் பெரும்பாலும் தாழ்வான நிலத்தில்தான் அமைந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேட்டு நிலத்துக்கு விலை அதிகம்.

இதே கதை ஜாவாவில் எங்கே போய் முடிந்தது என்பதைத் தங்கள் துறை நன்கு அறியும், வாசகர்களுக்காகச் சொல்கிறோம். ஜகார்த்தாவின் விளிம்பில், தென் தாங்கெராங்கில், சித்து கிந்துங் என்றொரு ஏரி. 1930களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் நெல்வயல்களுக்காகக் கட்டிய மண் அணை. வயல்கள் மறைந்தன, நகரம் வந்தது. ஏரி சுற்றுலா இடமாயிற்று. கரைக்குக் கீழே, முன்பு வாய்க்கால் ஓடிய பள்ளத்தில், வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன. 2009 மார்ச் 27 விடியலுக்கு முன், கனமழைக்குப் பிறகு, கரை உடைந்தது. ஏறத்தாழ நூறு பேர் செத்தார்கள், பலர் தூக்கத்திலேயே. இத்தனைக்கும் அது வார இறுதியில் படகு விட்டுக்கொண்டிருந்த ஒரு சின்ன ஏரி. பாசனத்துக்குக் கட்டியது பாசனத்தை இழந்தபோதே அதைக் கவனிக்க வேண்டியவர்களையும் இழந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக் குளங்களுக்கு நேர்ந்திருப்பதும் அதுதான் என்று அஞ்சுகிறோம்.

மண் அணை எப்படி உடைகிறது? பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலே வழிவது. கல்லணை அதைத் தாங்கலாம், மண்கரை தாங்காது. வழியும் நீர் கரையின் வெளிச்சரிவை அரித்து, சில மணி நேரத்தில் ஒரு வாயைத் திறந்துவிடும். இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. கரைக்குள் ஊறும் நீர் ஒரு பலவீனமான கோட்டைக் கண்டுபிடிக்கும்: துருப்பிடித்த பழைய குழாயின் ஓரம், செத்த மரத்தின் வேர் மக்கி விட்ட பொந்து, கறையான் குடைந்த இடம். அதன் வழியே மண்ணைத் துகள் துகளாக வெளியே கொண்டுபோகும். கரையடியில் தெளிவாகக் கசிந்தால் அது பழைய கரைகளின் இயல்பாக இருக்கலாம். கலங்கிக் கசிந்தால் கரையின் மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் புல் காய்ந்த கோடையில் கரையடியில் ஓரிடம் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தாலும் அது ஒரு சேதி. இவற்றைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பழகிய கண்ணும், மாதம் ஒருமுறை நடக்கும் காலும் போதும். அந்தக் கண்ணையும் காலையும்தான் கேட்கிறோம்.

வறட்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நீண்ட வெயிலில் நீர் இறங்கும்போது களிமண் கரை காய்ந்து வெடிக்கிறது. அதற்குப் பின் ஒரே இரவில் மழை கொட்டிக் குளம் நிரம்பினால், அந்த வெடிப்புகளுக்குள் தண்ணீர் நுழைகிறது. மழை குறைவான மாநிலம் என்பதால் மலாக்காவின் கரைகளுக்குப் பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2021 டிசம்பர் 18-ஐ ஒட்டிய நாள்களில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை வெள்ளம் ஏறியதை மறக்க முடியுமா? ஒரு மாத மழை ஒரு நாளில் பெய்யும் காலம் இது. பழைய கலிங்குகள் பழைய மழையை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை. அதோடு, குளத்துக்கு மேலே முன்பு மரக்காடு இருந்தது. மழையை உறிஞ்சி மெதுவாக விட்டது. இப்போது கூரையும் தார்ச்சாலையும் கான்கிரீட் கால்வாயும் இருக்கின்றன. அதே மழை பல மடங்கு வேகத்தில் குளத்தில் வந்து விழுகிறது. வண்டல் படிந்து குளத்தின் கொள்ளளவும் குறைந்திருக்கும்.

உல்லாசத் தலமாக்குவதே கரையைப் பலவீனமாக்கக்கூடும் என்பதை ஊராட்சி மன்றங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறார்கள். நிழலுக்கென்று கரையில் மரம் நடுகிறார்கள்; வேர் உள்ளே போகிறது. விளக்குக் கம்பத்துக்காகக் கரை உச்சியில் பள்ளம் தோண்டுகிறார்கள். நடைபாதைக்கு அலங்காரக் கல் பதிக்கிறார்கள். கீழே மண் இறங்கினாலும் வெடித்தாலும் தெரிவதில்லை. படகுக்கு நீர் நிறைந்திருக்க வேண்டும் என்று கலிங்கின் வாயில் பலகை அடைக்கிறார்கள். விட்ட மீன் வெளியேறக் கூடாது என்று கம்பிவலை கட்டுகிறார்கள்; முதல் பெருமழையில் அந்த வலையில் இலையும் கிளையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும், கலிங்கு சுவராகிவிடும்.

1889 மே 31-இல் அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் நகரத்தை அழித்து 2,209 பேரைக் கொன்ற சௌத் ஃபோர்க் அணையும் ஒரு பழைய மண் அணைதான். செல்வந்தர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்று அதை ஓய்விடமாக வைத்திருந்தது. குதிரை வண்டிகள் எதிரெதிரே போக வேண்டும் என்று கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்க வழிவாயில் கம்பி வைத்தார்கள். நீரை இறக்குவதற்கு அடியில் இருந்த குழாய்கள் கழகம் வாங்கும் முன்பே அகற்றப்பட்டிருந்தன. அவர்கள் திரும்ப வைக்கவில்லை. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் சின்ன விஷயமாகத் தோன்றியிருக்கும்.

கரைமீது வாகனம் ஓடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளக்கோட்டன் கட்டியதாகத் தமிழ் மரபு சொல்லும் திருகோணமலைக் கந்தளாய்க் குளம் நூற்றாண்டுகள் பல தாண்டி நின்றது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீரேற்று நிலையக் கட்டுமானத்துக்காகக் கரைமீது பாரவண்டிகள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இத்தனை காலம் நின்றது இனியும் நிற்கும் என்ற வாதத்துக்குக் கந்தளாயில் பதில் இருக்கிறது. மலாக்காவில் குளக்கரையைக் குறுக்கு வழியாக்கிச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் இடங்கள் இருந்தால், முதல் வேலையாக அவற்றை நிறுத்துங்கள்.

2017-இல் தங்கள் துறை அணைப் பாதுகாப்பு மேலாண்மை வழிகாட்டியை வெளியிட்டது. வரவேற்கிறோம், ஆனால் வழிகாட்டி சட்டமல்ல. உலகெங்கும் பெரிய அணை என்பதற்கு ஏற்கப்பட்ட அளவு 15 மீட்டர் உயரம், அல்லது 5 முதல் 15 மீட்டர் உயரமும் 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும். இந்தியா 2021-இல் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றையும்தான் பிடிக்கிறது. எங்கள் தோட்டத்துக் குளக்கரைகள் இந்தச் சல்லடையில் விழுந்துவிடும். உயரத்தை மட்டும் வைத்து ஆபத்தை அளப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஆறு மீட்டர் கரைக்குக் கீழே காடு இருந்தால் அது ஒரு கணக்கு. தமிழ்ப்பள்ளியோ பாலர் பள்ளியோ இருந்தால் வேறு கணக்கு. 1977 நவம்பர் 6-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணை சின்னது. பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டு வந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம் இருந்தது. 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அதிபர் கார்ட்டர் தனியார் அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டார். 39 பேருக்குப் பின் செய்ததை நாம் ஒருவரும் சாவதற்கு முன் செய்யலாமே.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் ஒரு பதிவேடு. மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மண்கரையால் தேக்கப்பட்ட எல்லா நீர்நிலைகளையும், எவ்வளவு சின்னதானாலும், எழுதுங்கள். நில அலுவலகத்தில் பத்திரங்கள் இருக்கின்றன. தோட்ட நிறுவனங்களிடம் பழைய வரைபடங்கள் இருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் இருக்கிறார்கள். தெபோங்கிலும் கெமுனிங்கிலும் செர்க்காமிலும் கோயில் நிர்வாகத்தினரைக் கேளுங்கள். குழாய் எங்கே புதைந்திருக்கிறது, எந்த ஆண்டு வெள்ளத்தில் கரை எங்கே அறுந்து எப்படி அடைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. அந்த நினைவு இன்னும் பத்து ஆண்டு காத்திருக்காது.

பதிவேட்டில் ஒவ்வொரு கரைக்கும் எதிரே ஒரு பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டும். தோட்ட நிறுவனமோ, மேம்பாட்டாளரோ, நகராட்சியோ, தங்கள் துறையோ. உரிமையாளர் தகராறு தீரும்வரை பொறுப்பு மாநில அரசுக்கே என்று அறிவிக்க வேண்டும். தண்ணீருக்குத் தகராறு தெரியாது. அந்தப் பெயரையும் கடைசியாகச் சோதித்த தேதியையும் புகார் சொல்லும் எண்ணையும் குளத்தருகே பலகையில் எழுதி வையுங்கள், மலாயோடு தமிழிலும் சீனத்திலும். குளிக்காதே, குப்பை போடாதே என்ற பலகைகள் எங்கும் இருக்கின்றன. கலங்கிய கசிவைக் கண்டால் யாரிடம் சொல்வது என்று ஒரு பலகையாவது சொல்லட்டும்.

கலிங்குகளில் அடைத்த பலகைகளையும் வலைகளையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்துவிடலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படாது. மரங்கள் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். கரையில் வேரூன்றிய பெரிய மரத்தை இயந்திரம் வைத்துப் பிடுங்கினால் கரையே பெயரும். பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். புதிதாக ஒன்றும் நடாமல் இருக்க இன்றே உத்தரவிடலாம். பயனற்றுப் போன சில குளங்களை முறையாக நீரிறக்கிக் கரையை வெட்டித் திறந்துவிடுவதே சரி என்று பொறியாளர்கள் சொன்னால், அதையும் ஏற்கத் தயாராக இருக்கிறோம். வருத்தமாகத்தான் இருக்கும். பாட்டன் மண் சுமந்த கரை என்ற பாசம் எங்களுக்கும் உண்டு. கீழே தூங்கும் பிள்ளைகளைவிட அது பெரிதல்ல.

இன்னொன்று, மக்களை வெளியேற்றும் திட்டம். 2019 ஆகஸ்ட் 1-இல் இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே இருந்த டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் வழிவாய் பெருமழையில் பெயர்ந்தது. பாய்மரப் படகுக் கழகம் பயன்படுத்திவந்த, 19-ஆம் நூற்றாண்டு மண் அணை. ஏறக்குறைய 1,500 பேரை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள், பம்புகளை வைத்து நீரை இறக்கினார்கள், ஹெலிகாப்டரில் மூட்டைகளைக் கொண்டுவந்து துளையை அடைத்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. வழிவாயின் குறைபட்ட வடிவமைப்பையும் விட்டுவிட்டுச் செய்த பராமரிப்பையும் பின்னர் நடந்த ஆய்வு எடுத்துச் சொன்னது. நம் நாட்டில் 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. அங்கே அணை உடையக்கூட இல்லை. ஒவ்வொரு குளத்துக்கும் கீழே எந்தெந்த வீடுகள், அங்கே நடக்க முடியாத முதியவர்கள் யார், எந்தப் பள்ளி மேட்டில் இருக்கிறது என்பதை எழுதிய ஒரு தாள் போதும். கோயில் ஒலிபெருக்கியும் சுராவ் ஒலிபெருக்கியும் இரவு இரண்டு மணிக்கு எழுப்பும். யார் யாரை அழைக்க வேண்டும் என்பது மட்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மலாக்கா வரலாற்று மாநகராட்சி மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராட்சிகள் ஆகியவற்றுக்கும் இம்மடலின் நகலை அனுப்புகிறோம். தங்கள் அதிகாரி ஒருவரை எங்கள் வாசகர்களைச் சந்திக்க அனுப்பினால், தோட்டத்துக் குளங்களை அறிந்த பெரியவர்களை அழைத்துவரும் பொறுப்பு எங்களுடையது. நவம்பர் மழைக்கு முன் அந்தச் சந்திப்பு நடக்க வேண்டும். தேதியைத் தாங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்